சுவர் விட்டுக்கொடுத்த பலகைகள்: ஒரு வீட்டுத் தச்சுப்பட்டறையில் மரம் அடுக்கிய அனுபவம்

பின்னணி

இந்த நிகழ்வுக்கு உரியவர் திருச்சி புறநகரில் இருக்கிறார். கனரகத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டராக இருந்து 2017இல் ஓய்வு பெற்றவர். பற்றவைப்பு, கடைசல் எல்லாம் கைவந்த வேலை. மரவேலை மட்டும் ஓய்வுக்குப் பிறகு தொற்றிக்கொண்ட ஆசை. வீட்டுப் பின்புறம் 18 அடி நீளம், 10 அடி அகலத்தில் ஒரு ஷெட் போட்டார். மேலே சிமெண்ட் ஷீட், கீழே சிமெண்ட் தளம். இரண்டு பக்கம் பில்லர்களுக்கு நடுவே நாலரை அங்குலச் சுவர். கூரை ஒரு பக்கம் 10 அடி, தாழ்ந்த பக்கம் 8 அடி. ஒரு மேசை ரம்பம், கையில் பிடிக்கும் இழைப்பு மெஷின், ஒரு கனத்த வேலைமேசை. தொடங்கும்போது இவ்வளவுதான்.

நான் அவருக்குப் பழக்கமான இளையவன். எனக்கும் வீட்டில் ஒரு சிறு பட்டறை உண்டு. அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். 2021 ஜனவரியில் இந்த வேலைக்கு அவர் என்னைக் கூப்பிட்டார். அதற்கு முந்தைய விவரங்கள் அவரும் அண்ணியும் சொன்னவை. அதன் பிறகு உள்ளவை நான் நோட்டில் எழுதி வைத்தவை. இருவரும் சம்மதித்துத்தான் இதை எழுதுகிறேன்.

மரம் வந்த விதம்

அவருடைய சொந்த ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடிப் பக்கம். பலாவுக்குப் பேர்போன வட்டாரம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி உள்மாவட்டங்கள் வழியாகப் போனபோது, அவர்கள் தோப்பில் நின்ற மரங்களில் பாதிக்கு மேல் சாய்ந்தன. அவர் அப்பா வைத்த இரண்டு பலாவும் அதில் போயின. கூடவே மா, வேம்பு, வரப்போரம் நின்ற மூன்று தேக்கு.

அந்தச் சமயத்தில் அந்தப் பக்கம் விழுந்த மரத்துக்கு விலையே இல்லை. எல்லார் வீட்டிலும் மரம் கிடந்தது. விறகுக்குப் போனது போக மிச்சத்தை விற்க மனம் வராமல் அவர் அறுவை மில்லுக்கு ஏற்றினார். 2019 ஜனவரியில் அறுத்து முடித்து இரண்டு நடையாகத் திருச்சிக்கு வந்து சேர்ந்தது. எல்லாவற்றையும் ஒன்றேகால் அங்குலக் கனத்தில் அறுக்கச் சொல்லிவிட்டார். என்ன செய்யப்போகிறோம் என்று தெரியாதபோது அது ஒரு பொதுக் கணக்கு. பலாவில் பருத்த அடிக்கட்டையை முழுசாக விட்டிருந்தால் தஞ்சாவூரில் வீணை செய்கிறவர்கள் பார்க்கவாவது வந்திருப்பார்கள். ஒரே கட்டையில் குடைகிற வீணைக்கு அப்படிப்பட்ட துண்டுதான் வேண்டும். அறுத்த பிறகு அந்த வழி அடைந்துபோனது. இது சேமிப்பில் நேர்ந்த பிழை இல்லைதான். ஆனாலும் அடுக்குவதற்கு முன்னால் எடுத்த முடிவுதான் பின்னால் அடுக்குகிறவன் தலையில் விழுகிறது என்பதற்காகக் குறித்து வைக்கிறேன்.

வந்த மரத்தை ஷெட்டுக்குள் தரையில், பலகை மேல் பலகையாக, நடுவில் ரீப்பர் (காற்றுப் போக இடையே வைக்கும் மெல்லிய மரச்சட்டம்) வைக்காமல் அடுக்கினார்கள். இறக்கிய கூலியாட்களுக்கு அவசரம், அவருக்கும் அப்போது விவரம் தெரியாது. கூடவே சொந்தக்காரர் ஒருவர் பழைய வீடு இடித்ததில் கிடைத்த வேங்கை நிலைக்கால்களும் விட்டக் கட்டைகளும் ஆணியோடு வந்து சேர்ந்தன. மரம் சேர்க்கிறவர் என்று பெயர் வாங்கிவிட்டால் ஊரே கொண்டுவந்து கொட்டும்.

2020இல் ஊரடங்கு வந்ததும் நேரம் கிடைத்தது. ஆகஸ்டில் நீளச் சுவரில் ஐந்து எல் வடிவ பிராக்கெட்டுகளை ஆங்கர் போல்ட் போட்டு முடுக்கி ஒரு தட்டு செய்தார். பலகையைத் தாங்க நீட்டியிருக்கும் கை 18 அங்குலம். அதன் மேல் சுமார் 14 கன அடி பலாவும் மாவும் ஏறின. தரை கொஞ்சம் காலியானது. அந்த இடத்தில் மிச்ச மரம் பரவிக்கொண்டது.

தட்டு சரிந்த நாள்

2020 நவம்பர் கடைசி வாரம், மழை விட்ட ஒரு மதியம். அவர் சாப்பிட உள்ளே போயிருந்தார். சத்தம் கேட்டு ஓடிவந்து பார்த்தால் நடு பிராக்கெட்டும் அதற்கு அடுத்ததும் சுவரைப் பெயர்த்துக்கொண்டு வந்திருந்தன. மீதி மூன்றும் வளைந்து, பலகைகள் சறுக்கி மேசை ரம்பத்தின் மேல் விழுந்து கிடந்தன. ரம்பத்தின் வேலியும் (பலகையை ஒட்டி நகர்த்தி அறுக்க உதவும் தடுப்பு) ஒரு சைக்கிளும் நசுங்கின. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பத்து நிமிடம் முன்னால் அவர் நின்ற இடம் அதுதான் என்பதை அண்ணி இன்றைக்கும் சொல்வார்.

நான் போய்ப் பார்த்தபோது போல்ட் துளைகளில் இரண்டு, செங்கல்லில் இல்லாமல் கலவைச் சந்தில் விழுந்திருந்தன. விரிகிற ஆங்கர், சந்தில் பிடிப்பதைவிடச் சந்தைப் பிளப்பதுதான் அதிகம். ஆனால் அதை மட்டும் குற்றம் சொல்லிவிட முடியாது. எடையைப் போட்டுப் பார்த்தோம். காய்ந்த பலா கன அடிக்கு 17, 18 கிலோ நிற்கும். முழுதாகக் காயாதது 22 வரை போகும். 14 கன அடி என்றால் 308 கிலோ. கையின் நடுவில், சுவரிலிருந்து 9 அங்குலத்தில் அந்த எடை நிற்பதாக வைத்தால், மேல் போல்ட்டுக்கும் கீழ்ப் போல்ட்டுக்கும் இடைவெளி 8 அங்குலம்தான். மேல் போல்ட்டுகள் ஐந்தும் சேர்ந்து சுமார் 346 கிலோ இழுவிசையைத் தாங்க வேண்டும், ஒன்றுக்கு 70 கிலோ. கான்கிரீட்டில் அது ஒன்றுமில்லை. பூச்சும் நாலரை அங்குலக் கல்லும் சேர்ந்த சுவரில், தினம் ஒரு பலகையை உருவி ஒன்றைத் தூக்கிப் போடும் அதிர்ச்சியோடு, அது நிற்காது.

“தம்பி, முப்பது வருஷம் லோடு கணக்குப் பார்த்துத்தான் சம்பளம் வாங்கினேன். வீட்டுல பார்க்கல” என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

கணக்கெடுப்பு

அவர் உடனே புதிய தட்டு செய்யக் கிளம்பினார். நான் ஒன்று மட்டும் கேட்டேன்: எவ்வளவு மரம் இருக்கிறது? அவருக்குத் தெரியவில்லை. இந்த நிகழ்வில் நான் எடுத்த முடிவு என்று சொல்லிக்கொள்ள ஒன்று இருக்குமானால், அளக்காமல் எதையும் பற்றவைக்கக் கூடாது என்று அடம்பிடித்ததுதான்.

மழை முடியட்டும் என்று காத்திருந்து, பொங்கல் கழிந்த பிறகு இரண்டு நாள் எல்லாவற்றையும் முற்றத்துக்கு எடுத்தோம். மூன்று அடிக்கு மேல் நீளமுள்ள துண்டுகள் 143. கன அடியில் பலா 19, மா 11, தேக்கு 6, வேம்பு 4, பழைய வேங்கை 5. மொத்தம் 45. இது போக நான்கு முழு பிளைவுட் ஷீட், இருபதுக்கு மேல் வெட்டுத் துண்டு, சாக்கில் கட்டிய குறுங்கட்டை ஏழு மூட்டை.

அடுத்து, வேலைக்கு வந்த இரண்டு ஆண்டில் எவ்வளவு மரம் செலவழித்தார் என்று செய்த பொருட்களை வைத்துக் கணக்குப் போட்டோம். இரண்டு முக்காலி, ஒரு புத்தக அலமாரி, பேத்திக்குத் தொட்டில் சட்டம், சில தட்டுகள். நாலு கன அடி வரவில்லை. அதாவது கையிருப்பு அவர் வேகத்தில் இருபது ஆண்டுக்கு மேல் வரும். அண்ணி கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

இன்னொரு விஷயம் அப்போதுதான் தெரிந்தது. புத்தக அலமாரிக்கு அவர் மரவாடியில் போய்த் தேக்கு வாங்கியிருந்தார். சொந்தத் தேக்கு ஆறு கன அடி, பலா அடுக்குக்கு அடியில், சுவரோரம் கிடந்தது. அதை எடுக்க வேண்டுமானால் முப்பது நாற்பது பலகையைப் புரட்ட வேண்டும். முழங்கால் வலிக்காரருக்கு மரவாடியே பக்கம். கண்ணில் படாத, கையால் உருவ முடியாத மரம் வீட்டில் இருந்தும் இல்லாததுதான் என்று அன்றைக்கு நோட்டில் எழுதினேன். பிறகு செய்த எல்லா முடிவுக்கும் அந்த வரியைத்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தோம்.

எதைக் கழித்தோம், ஏன்

மாம்பலகைகளில் தொடங்கினோம். வெயிலில் தட்டியதும் மைதா போல மாவு கொட்டியது. குண்டூசித் தலை அளவு துளைகள். உளுவண்டு. இது கரையான் இல்லை. கரையான் மண்ணிலிருந்து மண்பாதை போட்டு ஏறிவரும், இது மரத்துக்குள்ளேயே முட்டையிலிருந்து வளரும். மாவுச்சத்துள்ள வெளிமரம்தான் அதற்குச் சாப்பாடு. மாமரத்தில் வைரம் (நடுவிலிருக்கும் கெட்டிப் பகுதி) என்று பெரிதாக ஒன்றும் இல்லாததால் பலகை முழுக்க அதற்கு விருந்து. தேக்கிலும் பலாவிலும் வைரப் பகுதி தப்பித்திருந்தது. பலாவின் வெளிறிய ஓரங்களில் மட்டும் அங்கங்கே துளை.

மாவில் இன்னொரு கோளாறும் இருந்தது. ரீப்பர் இல்லாமல் அடுக்கியதால் உள்ளே ஈரம் தங்கி நீலம் பாரித்திருந்தது. அது பூஞ்சணம். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் பூஞ்சணம் வளராது, மரம் மக்கவும் மக்காது. இறங்க வழியே இல்லாமல் இரண்டு மழைக்காலம் கிடந்திருக்கிறது. நீலக்கறை பலத்தைப் பெரிதாகக் குறைக்காது, பெயின்ட் அடிக்கிற வேலைக்கு ஆகும். உளு விழுந்தது ஆகாது.

11 கன அடியில் 8 வெளியே போனது. பக்கத்துத் தேநீர்க் கடைக்கு விறகாகக் கொடுத்தோம், அன்றைக்கே எரித்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. உளு விழுந்த மரத்தை யாருக்காவது பலகையாகக் கொடுப்பது நோயைக் கொடுப்பது மாதிரி. மீந்த 3 கன அடிக்குப் போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்து இரண்டு முறை பூசி, வெயிலில் காயவைத்தோம். ரப்பர் மரத்தை இதே உப்புகளில்தான் ஆலைகளில் பதப்படுத்துகிறார்கள். பூசுவது அழுத்தத்தில் ஏற்றுவதற்கு ஈடாகாது என்று அவரிடம் சொல்லித்தான் செய்தேன்.

வேம்பில் வெடித்தும் முறுக்கியும் போனது பாதி, அது விறகு. வேங்கையில் ஆணி பிடுங்க ஒரு நாள் முழுக்கப் போனது. உடைந்த ஆணி உள்ளே நின்ற ஒரு கன அடியைக் கழித்தோம். மேசை ரம்பத்தின் பிளேடு விலைக்கு அந்தக் கட்டை பெறாது.

பலாவில்தான் பேச்சு நீண்டது. வெடிப்பு ஓடிய 4 கன அடியை எடுத்துவிடலாம் என்றேன். அப்பா வைத்த மரம் என்று அவர் சொல்லவில்லை. “பார்க்கலாம்” என்று மட்டும் சொல்லி அதைத் தனியாக எடுத்து வைத்தார். மூன்றாம் நாள் நான் போனபோது, வெடிப்பில்லாத பகுதியை ஒன்றரை அடித் துண்டுகளாக அறுத்து, தம்பி வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் மணைக்கட்டை செய்ய என்று கட்டி வைத்திருந்தார். நான் அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. நல்ல முடிவுதான்.

45 கன அடி 30க்கு வந்தது: பலா 15, தேக்கு 6, வேங்கை 4, மா 3, வேம்பு 2.

புதிய தட்டு

சுவரை நம்பக் கூடாது என்பது முதல் தீர்மானம். இரண்டு அங்குலச் சதுர இரும்புக் குழாயில் ஐந்து தூண். அடியில் தகடு பற்றவைத்து, கான்கிரீட் தளத்தில் போல்ட் போட்டோம். மேல் முனையை ஏழரை அடி உயரத்தில் ஒரு நீள ஆங்கிளில் கோத்து, அந்த ஆங்கிளை இரண்டு பக்கப் பில்லரோடு சேர்த்துக் கட்டினோம். 20 கன அடி காய்ந்த மரம் 360 கிலோ, கையின் நடுவில் ஏழரை அங்குலத்தில் நிற்கிறது என்று வைத்தால், மேலே 90 அங்குல உயரத்தில் இழுவிசை மொத்தமே 30 கிலோ. முன்பு 346 இருந்த இடத்தில் 30. உயரம் கொடுத்த லாபம் அது. எடை முழுக்கத் தூண் வழியாகத் தரைக்குப் போகிறது, பில்லர் சாயாமல் பிடித்துக்கொண்டால் போதும். அவர் இந்தக் கணக்கை ஷெட் கதவில் சாக்பீஸால் எழுதி வைத்தார். ரொம்ப நாள் அழிக்கவில்லை.

தூண்களுக்கு இடையே இரண்டரை அடி. ஆறடிப் பலகைக்கும் மூன்று தாங்கல் கிடைக்கும். இரண்டே தாங்கலில் கிடக்கும் பலகை நடுவில் தொய்ந்து அப்படியே காய்ந்துவிடும். பிறகு இழைத்து நிமிர்த்தினால் ஒன்றேகால் அங்குலம் முக்கால் அங்குலம் ஆகிவிடும்.

கையின் நீளத்தில் எங்களுக்குள் வாக்குவாதம். இடம் வீணாகிறது, 24 அங்குலம் வைக்கலாம் என்றார் அவர். நான் 15க்கு மேல் வேண்டாம் என்றேன். ஆழம் கூடினால் பின்வரிசைக்கு மரம் போகும். பின்வரிசைக்குப் போன மரம் தேக்கு கிடந்த கதையாகிவிடும். அவர் சம்மதித்தது எடைக்காக இல்லை, அந்தத் தேக்குக்காகத்தான். கையை முனையில் ஒரு நூல் (அரைக்கால் அங்குலம்) மேலே தூக்கிப் பற்றவைத்தார், பலகை தானாக முன்னால் சறுக்காது.

ஐந்து அடுக்கு. கீழ் அடுக்கு தரையிலிருந்து 8 அங்குலம், விளக்குமாறு போகிற உயரம். சுவருக்கும் தட்டுக்கும் 4 அங்குல இடைவெளி. இந்த இரண்டு இடைவெளியும் காற்றுக்காக என்று சொல்வார்கள், அது உண்மைதான். ஆனால் எங்களுக்கு முக்கியமான காரணம் வேறு. கரையான் இரும்பிலும் சுவரிலும் மண்பாதை போட்டு ஏறும். ஏறுவதைத் தடுக்க முடியாவிட்டாலும் கண்ணால் பார்க்க முடிய வேண்டும்.

மரத்தை இனம் பார்த்து அடுக்குவதா, நீளம் பார்த்தா என்று கேட்டார். இரண்டும் இல்லாமல் காய்ச்சல், அதாவது மரம் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று பார்த்து அடுக்கினோம். காய்ந்து முடிந்தது இடுப்பு உயரத்திலும் மார்பு உயரத்திலும், உருவ எளிதாக. காய வேண்டியது மேலே, ரீப்பர் வைத்து. கனத்த வேங்கை கீழே தரைக்கட்டை மேல். மூன்றடிக்கும் ஐந்தடிக்கும் இடைப்பட்ட 6 கன அடியை மூலையில் தடுப்புக்குள் நிறுத்தி வைத்தோம், காய்ந்ததை மட்டும். ஈரமாக நிறுத்தி வைத்தால் சாய்ந்த வாக்கில் வளைந்துவிடும்.

ரீப்பர்கள் எல்லாம் ஒரே முக்கால் அங்குலம். ஒவ்வொன்றும் கைக்கு நேர் மேலே, ஒன்றின் மேல் ஒன்று செங்குத்தாக வரும்படி. இதில் சோம்பல் படக் கூடாது. ரீப்பர் ஒரு சாண் தள்ளி விழுந்தால் மேலிருக்கும் எடை கீழ்ப் பலகையை அங்கே வளைக்கும். பலகைகளின் தலைப்புகளுக்கு, அதாவது வெட்டு முனைகளுக்கு, பழைய எனாமல் பெயின்ட் அடித்தோம். நார் ஓடும் திசையில் ஈரம் பத்து மடங்குக்கு மேல் வேகமாக வெளியேறுவதால்தான் தலைப்பு முதலில் வெடிக்கிறது. அறுத்த அன்றே அடித்திருக்க வேண்டியது. இரண்டு ஆண்டு கழித்து அடித்ததில் என்ன பலன் என்று கேட்டால், நிறம் பார்த்து இனம் கண்டுபிடிக்க உதவியது: மஞ்சள் பலா, சிவப்பு வேங்கை, பச்சை மா.

பிளைவுட்டும் துண்டும்

18 மில்லிமீட்டர் முழு ஷீட் ஒன்று 32, 35 கிலோ இருக்கும். தனி ஆள் படுக்கையிலிருந்து எடுக்க முடியாது. இரண்டு அங்குல மரப்பாதத்தின் மேல், தட்டின் பக்கவாட்டில் நிமிர்த்தி வைத்தோம். சாய்வு கிட்டத்தட்ட இல்லை.

துண்டுக்கு ஒரு விதி வைத்தோம். முழத்துக்குக் குறைந்தது விறகு. தேக்கும் வேங்கையும் மட்டும் ஒரு சாண் வரை கைப்பிடிக்கு ஆகும் என்று தங்கலாம். எல்லாம் ஒரே பெட்டிக்குள். பெட்டி நிறைந்தால் ஒன்றை எடுத்துவிட்டுத்தான் இன்னொன்று. ஏழு மூட்டை ஒரு பெட்டியும் ஐந்து மூட்டை விறகுமாக ஆனது.

காய்ச்சலைப் பார்த்த விதம்

நான்கு அடிப் பலாப்பலகை ஒன்றை மாதிரியாக வைத்து, மாதம் ஒருமுறை தராசில் எடை போட்டார். 2021 மார்ச்சில் 4.62 கிலோ. ஏப்ரலில் 4.48. மே மாதம் 4.41. ஜூனில் 4.40. நின்றுவிட்டது. என்னிடம் இருந்த ஈரமானியில் குத்திப் பார்த்தபோது 11 சதவீதம். இரண்டு ஆண்டு ஷெட்டில் கிடந்த மரம், ரீப்பர் வைத்த இரண்டே கோடை மாதத்தில்தான் காய்ந்து முடிந்தது. ஒரு அங்குலத்துக்கு ஓராண்டு என்று பழக்கத்தில் சொல்லுகிற கணக்கு, காற்று புகுகிற அடுக்குக்குத்தான். ஒட்டி அடுக்கியதற்கு ஆண்டுக் கணக்கே இல்லை.

நவம்பரில் அதே பலகை 4.52. மரம் கெட்டுவிட்டதா என்று போன் செய்தார். கெடவில்லை. மழைக்காலக் காற்றின் ஈரத்தை வாங்கி 14 சதவீதத்துக்குப் போயிருந்தது. கூரையின் கீழ் இருக்கிற மரம் ஊர்க் காற்றோடுதான் கூடிக் குறையும்.

பின்னர் நடந்தது

2021 நவம்பர் தமிழ்நாடு முழுக்கப் பெருமழை. ஷெட்டில் மேற்குக் கோடியில் இரண்டு சிமெண்ட் ஷீட் சேரும் இடத்தில் ஒழுக்கு. கீழே தட்டின் ஓரம். ரீப்பர் இருந்ததால் தண்ணீர் தேங்காமல் வடிந்துவிட்டது, ஆனாலும் தேக்கு இரண்டில் ஆணிக் கறை போலக் கறுப்பு. இரும்புக் கையில் துருவும் ஈரமும் சேர்ந்து தேக்கின் சாற்றோடு பட்டதால் வந்தது. இதை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. பிறகு கைகளின் மேல் மெல்லிய பிளைவுட் பட்டை ஒட்டினார்.

2022 பிப்ரவரியில் பின்சுவரில் சுண்டுவிரல் அகலத்தில் மண்பாதை. தரையிலிருந்து ஓரடி கூட ஏறவில்லை. பெருக்கும்போது அண்ணி பார்த்தார். அன்றைக்கே உடைத்து, சுவரோரம் துளையிட்டுக் கரையான் மருந்து விட்டாயிற்று. நான்கு அங்குல இடைவெளிக்குக் கொடுத்த விலை அந்த ஒரு நாளில் திரும்பி வந்துவிட்டது.

அந்த மே மாதம் பலாவில் பூஜை அலமாரி செய்தார். கதவு 18 அங்குல அகலம், ஒட்டிச் சேர்த்த பலகை. வெயில் காலத்தில் கச்சிதமாக உட்கார்ந்த கதவு, கார்த்திகையில் இறுகிக்கொண்டது. ஏறக்குறைய ஒரு நூல் அகன்றிருந்தது. மரத்தைச் சரியாக அடுக்கினால் இது வராது என்று அவர் நினைத்திருந்தார். அடுக்குவது வேறு, இது வேறு. கதவின் ஓரத்தை இழைத்து இடம் விட்ட பிறகு சரியானது.

மாவில் மருந்து பூசிய 3 கன அடியில் ஒரு பலகையில் 2022 கடைசியில் மறுபடி மாவு கொட்டியது. மொத்தத்தையும் விறகுக்குக் கொடுத்தார். 2021இலேயே கொடுத்திருக்க வேண்டும். நான்தான் காப்பாற்றலாம் என்றவன்.

துண்டுப் பெட்டி விதி ஆறு மாதம் நின்றது. அப்புறம் ரம்பத்துக்குப் பின்னால் ஒரு சாக்கு, பிறகு இன்னொன்று. அண்ணி வைத்திருக்கும் கணக்குப்படி இப்போது மூன்று.

2023 ஜூன் வரை மரவாடிக்கு அவர் ஒரே ஒருமுறைதான் போனார், அதுவும் ரீப்பருக்கு. முப்பதில் 9 கன அடி குறைந்திருந்தது. மாவைத் தவிர்த்தால் ஆறு. இரண்டரை ஆண்டுக்கு ஆறு என்றால் முன்பைவிட வேகம் கொஞ்சம்தான் கூடியிருக்கிறது. ஆனால் அந்த ஆறும் சொந்த மரம்.

மறுபடி செய்தால்

கைகளைத் தூணில் பற்றவைத்திருக்கக் கூடாது. ஃபிட்டர் கைக்கு வெல்டிங்தான் முதலில் வரும். தூணில் ஆறு அங்குலத்துக்கு ஒரு துளை போட்டு, கையைச் செருகி ஆணி போடும்படி செய்திருந்தால் அடுக்கின் உயரத்தை மாற்றிக்கொண்டிருக்கலாம். மேல் இரண்டு அடுக்கு இப்போது பாதி காலி, நடு அடுக்கில் நெருக்கம்.

தட்டை மேற்குச் சுவரை விட்டு உள்ளே வைத்திருக்க வேண்டும், குறைந்தது கூரையின் சேர்ப்பு எங்கே வருகிறது என்று பார்த்தாவது. மார்ச்சில் ஒரு குடம் தண்ணீரைக் கூரையில் ஊற்றிப் பார்த்திருந்தால் நவம்பரில் தெரிந்தது அப்போதே தெரிந்திருக்கும்.

தலைப்பில் நிறத்தோடு தேதியையும் எழுதியிருக்கலாம். இப்போது எந்தப் பலாப்பலகை எந்த மரத்தினுடையது என்று சொல்ல முடியவில்லை. இரண்டு பலாவில் ஒன்று அவர் பிறந்த ஆண்டில் வைத்தது. அந்த மரத்துப் பலகையில் ஊஞ்சல் போட வேண்டும் என்று இப்போது கேட்கிறார். இரண்டும் ஒரே மஞ்சள்.

போன மாதம் போயிருந்தபோது நடு அடுக்கின் ஒரு கையைக் கிரைண்டரில் அறுத்துக்கொண்டிருந்தார். மீதி நான்கு தூணிலும் அதே உயரத்தில் சாக்பீஸ் கோடு போட்டு வைத்திருந்தார்.